பாவக் கணக்கு

"நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன் சிஸ்டர்?"

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்சிடம் வலி மாத்திரைக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படுவது இதுதான். திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் ஓர் அறக்கட்டளைக்காக இந்த வேலையைச் செய்கிறேன். நோயாளியிடம் காசு வாங்குவதில்லை; எனக்குச் சம்பளம் டிரஸ்ட் தருகிறது. அதனால் "உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று யாராவது கையெடுத்துக் கும்பிட்டால் கூச்சமாக இருக்கும்.

வாய்ப்புற்று வந்த ஒரு பெரியம்மா. கன்னம் ஓட்டையாகிப் புண்ணில் புழு வைத்துவிட்டது. நாற்றம் தாங்காமல் கட்டிலை மாட்டுக்கொட்டகை ஓரமாகப் போட்டிருந்தார்கள். டர்பன்டைன் நனைத்த துணியை வைத்துப் புழுக்களை வெளியே வரவழைத்து எடுத்தேன். உப்புத் தண்ணீரில் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுப் போட்டேன். மருமகளுக்கும் கற்றுக்கொடுத்தேன். சில நாளில் நாற்றம் அடங்கிக் கட்டில் திண்ணைக்கு வந்தது. அப்போது பார்க்க வந்த ஒருவர், "போன ஜென்மத்துக் கடன், அனுபவிச்சுத்தானே தீரணும்" என்றார். கன்னம்தான் போயிருந்ததே தவிர, பெரியம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். களை எடுக்கும்போது பசி தெரியாமலிருக்க அவர் புகையிலை அடக்கிப் பழகியவர். காரணம் இவ்வளவு பக்கத்தில் கிடக்க, போன ஜென்மம் வரை எதற்குப் போக வேண்டும்?

நான் நாத்திகவாதி இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவள்தான். ஊழுக்கென்றே ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர், மருந்து அதிகாரத்துக்கு வரும்போது பழவினையைப் பற்றி மூச்சு விடவில்லை. மிகுவதும் குறைவதும் நோய் செய்யும் என்கிறார். நோயின் காரணத்தைத் தேடச் சொல்கிறார். கடைசியில் நோயாளி, மருத்துவர், மருந்து என்று எண்ணிவிட்டு நான்காவதாகப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவரைச் சேர்க்கிறார். முன்பிறவிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

கர்மத்தைப் போதித்த புத்தரும் அப்படித்தான். வயிற்றுப்போக்கில் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவிடம், என்ன நோய், பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்றுதான் கேட்டார். ஆனந்தரோடு சேர்ந்து அவரைத் தம் கையாலேயே குளிப்பாட்டினார். சீவகன் என்ற துறவிக்குச் சொன்ன பதிலில் துன்பத்துக்கு எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என்று போகிறது. வினை அந்த எட்டில் ஒன்று மட்டுமே. எல்லாமே பழவினை என்பது தவறு என்றும் சொல்லிவிட்டார்.

1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் நம் புற்றுநோயாளிகளுக்கு வலி தணிக்கும் மார்ஃபின் கிடைப்பதே அரிதாகிப்போனது. 2014-இல்தான் அதைத் திருத்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் வலியில் கத்தியே செத்தவர்களின் வேதனையை எந்த ஜென்மத்துக் கணக்கில் எழுதுவது? அது ஆபீஸ் ஃபைலில் எழுதப்பட்ட விதி.

ஒரு தாத்தா மட்டும், "இதோட என் கணக்கு முடிஞ்சுரும் தாயி" என்று நிம்மதியாகச் சொல்வார். அவரிடம் நான் வாதாடவில்லை. தன் வலிக்குத் தானே ஓர் அர்த்தம் வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. திண்ணைக்கு வந்து தீர்ப்புச் சொன்னவருக்கு அது கிடையாது.

பெரியம்மாவும் அந்தப் பாவக் கேள்வியைக் கேட்டபோது, "பாவமெல்லாம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை என்று டாக்டர் எழுதியிருந்தார். இரண்டு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு அவர் பாவத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பேத்தி கல்யாணத்துக்கு நாள் குறித்தாச்சா என்று கேட்டார். பல வீடுகளில் இப்படி நடக்கிறது. வலிதான் பாதிக் கேள்வியைக் கேட்கிறது என்று நினைக்கிறேன். மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த மீதிப் பாதிக்குப் பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும். கேரளத்தில் மலப்புரம் பக்கம், வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முன்வந்த அக்கம்பக்கத்தாரை வைத்தே வீட்டுப் பராமரிப்பைக் கட்டியெழுப்பினார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் படுத்திருப்பார். போய்ப் பாருங்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வேண்டாம், பாதிப் பேருக்கு விழுங்க முடியாது. ராத்திரி யார் முழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த மருமகளைத் தூங்கச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கட்டில் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.