உப்பிட்டவர் யார்?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் வாக்கு. சோறிட்டவரை என்றோ, பாலூட்டியவரை என்றோ அவர்கள் சொல்லவில்லை. உணவில் மிகச் சிறிய அளவினதாய், இருக்கும்போது தெரியாமல், இல்லாதபோது மட்டுமே தெரியவருவது உப்பு. அதை இட்டவரையே நன்றிக்குரியவராக அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்த உப்பிட்டவர் யார் என்ற கேள்வி அண்மையில் திருவண்ணாமலையில் நமக்கு நெருங்கிய ஓர் இல்லத்தில் எழுந்தது. அதனை இம்மாதம் வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

ஐரோப்பாவில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் விடுமுறையில் வீடு வந்திருந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டார் கூடியிருக்க, போலந்து நாட்டில் தாம் கண்ட வியெலிச்கா உப்புச் சுரங்கத்தின் படங்களைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினார். உப்பிலேயே குடைந்த மண்டபம், உப்புப் படிகங்களால் ஆன சரவிளக்குகள், உப்புத் தரை, உப்புச் சிலைகள் ஆகியவற்றைக் கண்டு குழந்தைகள் வியந்தனர். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்து முடித்த அவருடைய நன்னிமா ஒன்றே ஒன்று கேட்டார்: “இவ்வளவு உப்பையும் வெட்டினவங்க பேரு அங்கே எங்கேயாச்சும் எழுதி வச்சிருக்காங்களா, தம்பி?”

இளைஞரிடம் விடை இல்லை. “பாக்கலையே, நன்னிமா” என்றார். பொய் சொல்லாத பிள்ளை.

மூதாட்டியின் அக்கேள்வியில் ஓர் அறச்சிக்கல் அடங்கியிருக்கிறது. பிறர் உயிரைப் பணயம் வைத்து உழைத்த இடத்தை நாம் நுழைவுச் சீட்டு வாங்கிக் கண்டு களிக்கலாமா? களிக்கலாம் என்றால், எந்த மனத்தோடு?

வியெலிச்கா, கிராக்கோவ் நகருக்கு அருகில் உள்ளது. 13ஆம் நூற்றாண்டு முதல் அங்கே உப்பு வெட்டப்பட்டது. அதன் ஆழம் 327 மீட்டர். 1978இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 1996இல் வணிகத்திற்காக உப்பெடுப்பது நின்றது. இன்று அங்கே இறங்குவோர் ஏறத்தாழ 380 மரப்படிகளில் நடந்து இறங்குகின்றனர். சில மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, மின்தூக்கியில் மேலே வந்துவிடுகின்றனர்.

அச்சுரங்கத்தில் முன்னாளில் ஒரு பணி இருந்தது. உப்புப் பாறைகளின் இடுக்கில் எரிவாயு தேங்கும். விளக்குச் சுடர் பட்டால் வெடிக்கும். ஆகவே நனைத்த ஆடை அணிந்த ஒருவர், நீண்ட கழியின் நுனியில் தீப்பந்தம் ஏந்தி, தரையோடு தரையாக ஊர்ந்து சென்று, அவ்வாயுவைச் சிறிது சிறிதாக எரித்துவிட்டு வருவார். அவர் திரும்பி வந்த பிறகே மற்றவர்கள் உள்ளே போவார்கள். திரும்பி வராத நாட்களும் இருந்திருக்கும். அவர்களுக்கு இன்று அங்கே உப்புச் சிலை உண்டு. சிலைக்குப் பெயர் இல்லை.

ஆனால் பெயர் உள்ளவர்களும் இருக்கிறார்கள். சுரங்கத்தின் புகழ்பெற்ற கிங்கா ஆலயத்தை 1896இல் செதுக்கத் தொடங்கிய மார்கோவ்ஸ்கி சகோதரர்களையும், அவர்களுக்குப் பின் தொடர்ந்த அந்தோனி விரோதெக்கையும் வழிகாட்டிகள் பெயர் சொல்லிப் போற்றுகின்றனர். அவர்களும் சுரங்கத் தொழிலாளரே. சிலை செதுக்கியதால் அவர்கள் பெயர் நின்றது. உப்பை மட்டும் வெட்டிய ஆயிரமாயிரம் பேரின் பெயர் அவர்கள் வெட்டிய உப்போடு சேர்ந்தே கரைந்துவிட்டது.

நம் மனத்துக்கு இன்னும் அருகில் உள்ள சுரங்கம் ஒன்று உண்டு. நம்மூர் நாட்டு மருந்துக் கடைகளில் இளஞ்சிவப்புக் கட்டிகளாகக் கிடைக்கும் இந்துப்பைப் பலரும் அறிவர். சிந்து நதி நாட்டோடு தொடர்புடையது அதன் பெயர். பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்தில் உள்ள கேவ்ரா சுரங்கம் அவ்வகை உப்புக்கு உலகப் புகழ் பெற்றது. 1872இல் வார்த் என்ற ஆங்கிலேய அரசின் பொறியாளர் தரைமட்டத்தில் அதற்குப் பெருவாயில் அமைத்தார். உப்பில் பாதியை வெட்டி எடுத்து, மீதிப் பாதியைத் தூண்களாக விட்டுவிடுவது அங்குள்ள முறை. எடுக்காமல் விட்ட பாதியே எடுத்தவனின் தலைமேல் மலை விழாமல் காக்கிறது.

கேவ்ராவிலும் சுற்றுலாப் பயணிகள் திரள்கின்றனர். மலைக்குள்ளே பல நிற உப்புக் கற்களால் எழுப்பிய சிறு பள்ளிவாசல் ஒன்று விளக்கொளியில் செந்நிறமாய் மின்னுகிறது. உப்பு நீர் நிறைந்த ஆழமான குளத்தின் மேல், தாங்கும் தூணின்றி உப்பாலேயே அமைந்த பாலம் ஒன்றும் உண்டு. அதற்குப் ‘புல் ஸிராத்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். மறுமையில் ஒவ்வொருவரும் தம் செயல்களின் கணக்கோடு கடக்க வேண்டிய பாலத்தின் பெயர் அது. அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பயணிகளில் எத்தனை பேருக்கு அப்பெயர் ஒரு கணமேனும் உறுத்தியிருக்கும்? ஆங்கிலேயர் ஆட்சியில் அச்சுரங்கத்தின் கொடுமைகளை எதிர்த்த தொழிலாளர் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டதாக அவ்வூரில் இன்றும் சொல்லப்படுகிறது. பாலத்தின் பெயரைக் கேட்டுச் செல்கிறவர் அந்தப் பன்னிரண்டு பேரின் கதையையும் கேட்டுச் செல்வதே நியாயம்.

இதற்கு மறுமொழி இல்லாமல் இல்லை. “உழைத்தவர் கூலி பெற்றார், வாங்கியவர் விலை கொடுத்தார், கணக்குத் தீர்ந்தது. சுற்றுலாவினால்தான் இன்று அவ்வூரார் பலருக்குப் பிழைப்பு. மகிழ வந்தவனை அழச் சொல்வது என்ன நியாயம்?” என்று கேட்கலாம். இதில் உண்மை இருக்கிறது. உப்பெடுப்பு நின்ற பின் வியெலிச்காவை வாழ வைத்திருப்பது பயணிகளின் பணமே. மேலும், சுரங்கத் தொழிலாளியை இரக்கத்துக்குரியவனாக மட்டும் பார்ப்பதும் அவனைப் பார்க்காமல் இருப்பதன் இன்னொரு வகையே. பாறையைப் பிளந்த அதே கையால் இருளுக்குள் சரவிளக்கையும் செதுக்கியவன் அவன். அவன் படைத்த அழகைக் கண்டு மகிழாவிட்டால் அதுவும் அவனுக்குச் செய்யும் அவமதிப்பே ஆகும்.

ஆயினும் கூலி விலையைத் தீர்க்குமே தவிர நன்றியைத் தீர்க்காது. நம் பழமொழி இலவசமாக உப்பிட்டவரை நினை என்று வரையறை செய்யவில்லை. மனிதருக்கு நன்றி பாராட்டாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த ஒழுக்கம். பூமியில் பயணம் செய்து நமக்கு முன்னிருந்தோரின் முடிவைக் காணுமாறு திருமறையும் பலமுறை அழைக்கிறது. அவ்வழைப்பு மண்டபத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. மண்டபத்தை விட்டுச் சென்றவர்களைப் பற்றி எண்ணுவதையும் கேட்கிறது.

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும்; ஏனெனில் நாம் பிறர் வந்து பார்க்கும் ஊரில் குடியிருப்பவர்கள். பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் வந்து 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றிச் செல்கின்றனர். விடிந்ததும் அப்பாதையில் கிடக்கும் குப்பைகளை வாரி அள்ளும் துப்புரவுத் தொழிலாளியை வந்தவர்கள் கண்டதில்லை. அவர் வேலைக்கு வரும்போது அவர்கள் பேருந்து ஏறியிருப்பார்கள். 217 அடி உயரக் கிழக்குக் கோபுரத்தோடு கிருஷ்ணதேவராயர் பெயரைச் சேர்த்துச் சொல்லும் நாம், கல் சுமந்தவர் ஒருவரின் பெயரையேனும் சொல்ல முடியுமா? போலந்துக்குச் சென்ற இளைஞரைக் குறை சொல்லும் தகுதி நமக்கில்லை. உள்ளூரிலேயே நாம் சுற்றுலாப் பயணிகளாகத்தான் வாழ்கிறோம்.

பழைய வடஆற்காடு மாவட்டத்திலிருந்து எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போயின. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே கால்வைத்தது முதல் 2001இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, நான்கு தலைமுறைத் தமிழர்கள் அம்மண்ணுக்குள் இறங்கி ஏறினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. பாறை வெடிப்பில் மாண்டவர் பலர். கல் தூசு நுரையீரலில் படிந்து இருமி இருமி ஓய்ந்தவர் பலர். அங்கே வெட்டப்பட்ட பொன் யார் கழுத்தில் கிடக்கிறதோ, நாம் அறியோம். நம் வீட்டுத் திருமணங்களில் மின்னும் நகைகளிலும் அதில் ஒரு குன்றிமணி கலந்திருக்கக்கூடும்.

ஆகவே, போகலாம். உப்புச் சுரங்கத்தையும் காணலாம், கோபுரத்தையும் காணலாம். வியப்பது குற்றமல்ல, வியப்பும் இறைவன் மனிதனுக்குத் தந்த அருளே. ஆனால் வழிகாட்டியிடம் எத்தனை அடி ஆழம் என்று கேட்கும் நாவு, இங்கே உழைத்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள், என்ன கூலி பெற்றார்கள், எப்படி இறந்தார்கள் என்றும் கேட்கட்டும். விடை கிடைக்காமல் போகலாம். கேள்வி கேட்கப்பட்டது என்பதே, மறக்கப்பட்டவர்களுக்கு நாம் செலுத்தும் முதல் தவணை.

அந்த இரவு நன்னிமா வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் பகல் உணவின்போது அவ்விளைஞர் உப்புக் கிண்ணத்தை எடுத்தவர், ஒரு கணம் நிறுத்தி, “இது எங்கிருந்து வருது?” என்று தம் தாயாரைக் கேட்டாராம். தூத்துக்குடி உப்பு என்றார் தாயார். வெயிலில் நின்று, கண் கூச, உப்பளத்தில் அதை வாரிக் குவித்தவர் ஆணா பெண்ணா என்பது கூட அவ்வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆயினும் அன்று அவர்கள் அவரைப் பற்றிச் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அறிந்து மகிழ்ந்தோம்.