குறை சொல்லும் கடமை

பொய்யாகச் சொன்ன ஒன்று தற்செயலாக உண்மையாகிவிட்டால், சொன்னவனின் கணக்கில் அதை எந்தப் பக்கம் எழுதுவது? தர்க்கம் படிப்பவர்களுக்கு இது ஒரு வேடிக்கைப் புதிர். எனக்குச் சில மாதங்களாக வேடிக்கையாக இல்லை.

சங்கரன்கோவிலில், தெற்கு ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மைக்செட் ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் கிட்டார் வாசித்தேன். அதைப்பற்றிப் பெருமைப்பட ஏதுமில்லை. 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்த பிறகு கிட்டார் இல்லாத குழுவைக் கோவில் கொடைக்குக் கூப்பிட யோசித்தார்கள்; அவ்வளவுதான். கிட்டார் கிடைத்தது. அதற்கான ஆம்ப்ளிஃபயர் வாங்க வக்கில்லை. அண்ணாச்சி ஒன்று செய்துகொடுத்தார். பழைய ரேடியோக்களிலும் ரிக்கார்டு பிளேயர்களிலும் கழற்றிய வால்வுகள், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் செய்தவை: ஈ.எல். 84 இரண்டு, ஈ.சி.சி. 83 ஒன்று. டிரான்ஸ்ஃபார்மரை அவரே சுற்றினார். பெட்டி பலாப்பலகை. மெல்லத் தட்டினால் தெளிவாகப் பேசும். அழுத்தித் தட்டினால் குரல் உடைந்து கரகரக்கும். அந்த உடைவுக்காகத்தான் நான் அதை நேசித்தேன் என்று இப்போது தெரிகிறது.

இந்த உடைவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். விஷயம் அதில்தான் இருக்கிறது. வால்வுக்குத் தாங்கமுடியாத அளவு சமிக்ஞை வந்தால் அலையின் உச்சி மழுங்கிவிடுகிறது. மழுங்கும்போது மூல சுரத்தில் இல்லாத மேல்சுரங்கள் பிறக்கின்றன. பொறியாளரின் அகராதியில் இதற்குப் பெயர் சிதைவு, அதாவது குற்றம். அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் ஐம்பதுகளில் ஆம்ப்ளிஃபயர் செய்தபோது சுத்தமான ஒலிக்குத்தான் பாடுபட்டார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர்கள் அவருடைய பெட்டியின் குமிழைக் கடைசிவரை திருகி, அவர் ஒளிக்க நினைத்த குற்றத்தை வெளியே கொண்டுவந்து, இதுதான் எங்கள் குரல் என்றார்கள். செய்தவனின் தோல்வி வாசித்தவனின் மொழியானது.

லண்டனின் மேற்கே ஹான்வெல் என்ற பகுதியில் ஜிம் மார்ஷல் டிரம் விற்கும் கடை வைத்திருந்தார். அவரும் கிட்டார்க்காரர் அல்ல. டிரம் வாசித்தவர், கற்றுக்கொடுத்தவர். டிரம் வாசிப்பவர்களோடு கூட வந்த கிட்டார்ப் பையன்கள் கடையில் நின்று குறைபட்டுக்கொண்டார்கள்: கிடைக்கிற பெட்டி எதிலும் தாங்கள் கேட்க நினைக்கும் சத்தம் இல்லை என்று. அவர் அதைக் கேட்டார். 1962இல் அவரும் அவருடைய தொழில்நுட்பக்காரர்களும் ஃபெண்டரின் பாஸ்மன் என்ற பெட்டியின் சர்க்யூட்டை எடுத்து, உள்ளூரில் கிடைத்த உறுப்புகளைக் கொண்டு ஜே.டி.எம். 45 செய்தார்கள். சுத்தமாகச் சொன்னால் அது நகல். ஆனால் நகலில் நேர்ந்த வேறுபாடுகளே அதன் அடையாளமாயின. ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் போன்றவர்கள் இன்னும் சத்தம் வேண்டும் என்றார்கள். 1965இல் நூறு வாட் பெட்டி வந்தது. அதன்பின் இருபது வருஷம் ராக் இசை என்றால் மேடையில் அந்தக் கறுப்புப் பெட்டிகளின் சுவர் என்றாயிற்று.

இது அந்நியக் கதை என்று தோன்றுகிறவர்கள் நரசிங்கம்பேட்டைக்குப் போகலாம். உயர்ந்த சுருதியில் கூவும் திமிரி நாதஸ்வரம், கச்சேரியில் நிதானமாக ராகம் விரிக்க டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்குப் போதவில்லை. அந்தக் குறையைக் காது கொடுத்துக் கேட்டவர் ரங்கநாதன் ஆசாரி. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் முற்றிய ஆச்சாமரத்தைக் கடைந்து, நீளம் கூட்டி, துளைகளின் இடம் மாற்றி, தணிந்த சுருதியில் பாரி நாயனத்தைச் செய்துகொடுத்தார். இன்று ‘பாரம்பரிய நாதஸ்வரம்’ என்று நாம் கும்பிடுவது இதைத்தான். 2022இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாரம்பரியம் என்று முத்திரை குத்தப்பட்ட வஸ்து, ஒருவர் சொன்ன குறையிலிருந்தும் இன்னொருவர் அதைப் பொருட்படுத்தியதிலிருந்தும் பிறந்தது என்பதை முத்திரை சொல்வதில்லை.

இனி என் பொய்க்கு வருகிறேன்.

2024 ஆடித் தபசுக்கு ஊருக்கு வந்த அண்ணாச்சியின் மருமகன் ஒரு கருவி கொண்டுவந்திருந்தான். கைப்பெட்டி அளவுதான். ஜெர்மனியின் கெம்ப்பர் 2011இல் அறிமுகப்படுத்திய முறையில் இன்று பலர் இவற்றைச் செய்கிறார்கள். ஓர் ஆம்ப்ளிஃபயருக்குள் சில சோதனை ஒலிகளை அனுப்பி, அது அவற்றை என்னவாகத் திருப்பித் தருகிறது என்று கவனித்து, அதன் சுபாவத்தைக் கணக்காக்கி வைத்துக்கொள்கிறது கருவி. பிறகு மூலப்பெட்டி தேவையில்லை. பையன் அண்ணாச்சியின் பலாப்பலகைப் பெட்டியையே இப்படிப் பிடித்து வைத்துக்கொண்டான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நாற்பது வருஷத்துப் பெட்டி.

அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வேட்டியைக் குறுக்கே கட்டி, இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிக் கொடுத்து, பையனை வாசிக்கச் சொன்னார். என்னை இந்தப் பக்கம் உட்காரவைத்தார். “சொல்லும்வே, எது நம்ம பெட்டி?”

எனக்குத் தெரியவில்லை. இதை ஸ்பஷ்டமாக எழுதிவிட வேண்டும். இரண்டும் ஒன்றாகவே கேட்டன. அழுத்தித் தட்டியபோது இரண்டும் ஒரே மாதிரி உடைந்தன. ஆனால் நான் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஒரு ரசிகன் செய்யக்கூடிய சேஷ்டைகள் எல்லாம் செய்து, “ரெண்டாவதுதான் அண்ணாச்சி. இதுல சந்தேகமா?” என்றேன்.

இரண்டாவதுதான்.

அண்ணாச்சி அழுதுவிடுவார் போலிருந்தது. பையன் மட்டும் மெல்லச் சொன்னான்: “கைக்கு ஒண்ணாத்தான் இருந்துச்சு மாமா.” அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் புது வால்வுகளுக்குப் பணம் அனுப்பினார். இன்று வால்வு செய்யும் நாடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்: ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா. 2022இல் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது உலகமெங்கும் கிட்டார்க்காரர்கள் தவித்துப்போனார்கள். அண்ணாச்சியின் வருமானத்தில் அது சின்னச் செலவல்ல. என் ஒரு சொல்லை நம்பிச் செய்தார்.

நான் சொன்னது சரியான விடை. அதில் எனக்கு அறிவு இல்லை. துணிச்சல் மட்டும் இருந்தது. பூவா தலையா போட்டுப் பார்த்தவனுக்கு ஞானி பட்டம் கிடைத்துவிட்டது. விளைவைக் கொண்டு பார்த்தால் ஒரு கிழவருக்குச் சந்தோஷம், யாருக்கும் நஷ்டமில்லை. அப்படியானால் எது உறுத்துகிறது?

முதலில் எனக்குத் தோன்றியது, பழைய பெட்டியின் மேன்மை என்று நான் நம்பியது வெறும் பிரமை என்ற ஏமாற்றம்தான் உறுத்துகிறது என்று. பெரிய நிறுவனங்களும் இந்த ஏமாற்றத்தோடுதான் வியாபாரம் செய்கின்றன. ஃபெண்டர் 2019இல் தன்னுடைய ட்வின் ரிவெர்ப் பெட்டியைத் தோற்றத்தில் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே வால்வுகளை எடுத்துவிட்டுக் கணக்கிடும் சில்லுகளை வைத்து விற்றது. சுமார் 29 கிலோ இருந்தது 15 கிலோவானது. முதுகுவலிக்காரன் எவனும் இதைக் குறை சொல்லமாட்டான். மார்ஷலின் கதை இன்னும் விசித்திரம். ஜிம் 2012இல் காலமானார். அந்தப் பெயரில் ஹெட்ஃபோனும் புளூடூத் ஸ்பீக்கரும் செய்துவந்த ஸ்வீடன் நிறுவனம் 2023இல் ஆம்ப்ளிஃபயர் கம்பெனியையே வாங்கிவிட்டது. 2025 ஜனவரியில் ஹாங்ஷான் என்ற சீன முதலீட்டு நிறுவனம் அதில் பெரும்பங்கை வாங்க ஒப்பந்தமானது. மதிப்பு 110 கோடி யூரோ. எங்கள் ஊர்ப் பையன்களுக்கு மார்ஷல் என்றால் வீட்டில் பாட்டுக் கேட்கும் அழகான சின்னப் பெட்டி. ஒரு வாத்தியக்காரனும் அதில் வந்து குறை சொல்ல வேண்டியதில்லை. பெயர் முன்னெப்போதையும்விட நன்றாக இருக்கிறது.

இதைக் கண்டித்து எழுதுவது சுலபம். ஆனால் நியாயமாகப் பார்த்தால், பழைய பெட்டியையே மாற்றாமல் செய்துகொண்டிருப்பதும் விசுவாசம் ஆகாது. 1962இன் சர்க்யூட்டைப் பயபக்தியோடு நகலெடுப்பவன் அந்த வருஷத்துப் பெட்டிக்கு விசுவாசமாக இருக்கிறான். அதைச் செய்தவனுக்கு அல்ல. செய்தவன் செய்தது, தன் கடையில் நின்று குறைபட்டவனைக் கேட்டது. அந்தக் குணத்துக்கு வாரிசு யார் என்று கேட்டால், வால்வைத் தொட்டே பார்த்திராத, வாசிப்பவர்களின் புகார்களைப் படித்து மாதந்தோறும் நிரலைத் திருத்தும் இன்றைய இளைஞர்களாகவும் இருக்கலாம். இதை ஒப்புக்கொள்வது எனக்குச் சிரமமாக இருக்கிறது. சிரமமாக இருப்பதால் பொய்யாகிவிடாது.

எங்கள் தலபுராணத்தில் சங்கன், பதுமன் என்று இரண்டு நாகங்கள், ஒன்று சிவனே பெரியவன் என்றும் மற்றது அரியே பெரியவன் என்றும் சண்டையிட்டன. கோமதியம்மன் தபசிருந்து பெற்ற தரிசனத்தில் இரண்டும் ஒரே உடம்பில் நின்றன. வால்வா கணக்கா என்ற சண்டையையும் இப்படித் தீர்த்துவிடலாம் போலிருக்கிறது. பல கம்பெனிகள் முன்வரிசையில் ஒரு வால்வு, பின்னால் சில்லு என்று தீர்த்தும்விட்டார்கள். ஆனால் புராணத்தில் தபசு என்ற ஒன்று நடுவில் இருக்கிறது. யாரோ ஒருவர் பதில் தெரியாமல் நீண்ட காலம் நின்றிருக்கிறார். அதைத் தாண்டிக் குதித்துத்தான் நான் “இதுல சந்தேகமா?” என்று சொன்னேன்.

உறுத்துவது அதுதான் என்று படுகிறது. அண்ணாச்சி என்னிடம் வேண்டியது பாராட்டு அல்ல, பரீட்சை. தன் வேலையில் இனி ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று அறிய அவருக்கு ஒரு காது தேவைப்பட்டது. என் காதை ஒளித்துக்கொண்டு, என் பிரியத்தைக் கொடுத்தேன். குறை ஒன்றுமில்லை என்று ஒரு கைவினைஞனிடம் சொல்வது, நீ முடிந்துபோனாய் என்று சொல்வதன் மரியாதையான வடிவம். நம் வயதான எழுத்தாளர்களுக்கு விழா எடுத்து நாம் செய்வதும் இதேதான். முப்பது வருஷத்துக்கு முந்திய கதையின் பெயரைச் சொல்லிச் சால்வை போர்த்துகிறோம். போன மாதம் எழுதியது சோர்ந்திருக்கிறது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வருவதில்லை. அது இரக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். குறை சொல்லப்படும் தகுதி இருக்கிறவரைக்கும்தான் ஒருவன் வேலை செய்கிறவன். அதைப் பறித்துவிட்டுக் கொடுக்கப்படும் எல்லாக் கௌரவமும் நினைவுச் சின்னத்துக்கு உரியது.

பையனின் கருவியில் இருப்பதும் ஒரு நினைவுச் சின்னம்தான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். ஒருநாள் மாலை அந்தப் பெட்டி எப்படி இருந்ததோ அப்படியே அது நின்றுவிட்டது. மூலப்பெட்டியோ நாளை மாறலாம். ஆனால் அது மாறவேண்டுமானால் யாராவது குறை சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை. ஆகவே பலாப்பலகைப் பெட்டியையும் ஒரு நகலாக ஆக்கியவன் நான். இதற்குக் கருவி தேவைப்படவில்லை.

போன மாதம் சந்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். சாலிடரிங் அயர்னை வைத்துவிட்டு அண்ணாச்சி கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. பிறகு, “சரி. தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதான? போகட்டும். பெட்டியில என்ன கொறைன்னாவது சொல்லும்” என்றார்.

கேட்டுத்தான் சொல்லவேண்டும் என்றேன். கிட்டாரை எடுத்துக் கொடுத்தார். வருஷக்கணக்காகத் தொடவில்லை, விரல்நுனிக் காய்ப்பெல்லாம் போய்விட்டது, கம்பி அறுத்தது. பத்து நிமிஷம் வாசித்துவிட்டு, மந்தரக் கம்பிகளை அழுத்தித் தட்டினால் சுரம் கொழகொழவென்று பின்தங்கி வருகிறது, எப்போதுமே அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன் என்றேன். குறை பெட்டியிலா என் விரலிலா என்று எனக்கு நிச்சயமில்லை. அதையும் சொன்னேன்.

அவர் பிளக்கைப் பிடுங்கினார். கன்டென்சரில் நிற்கும் மின்சாரம் இறங்கவேண்டும். அதற்குமுன் கை வைக்கக்கூடாது. பின்பலகையின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு, இருவரும் காத்திருந்தோம்.