கண்ணைத் திட்டாதே, திரையை மாற்று!

நாற்காலியில் முதுகைச் சாய். நன்றாகச் சாய். இப்போது திரையில் இருப்பதைப் படி.

முடிகிறதா?

தலை தானாக முன்னே போகிறதா? கண் இடுங்குகிறதா? கழுத்து நீள்கிறதா?

அப்படியானால் இந்த நிமிடம் வரை அந்தத் திரை உன்னை ஆட்டிப் படைத்திருக்கிறது. நீயும் ஆடியிருக்கிறாய்!

காலை ஒன்பதரைக்கு உட்காருகிறாய். மாலை ஆறு வரை அந்தப் பொடி எழுத்தைத் துருவித் துருவிப் பார்க்கிறாய். நெற்றியைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறாய். தைலம் தேய்க்கிறாய். "கம்ப்யூட்டர் வேலைன்னா தலைவலி வரத்தான் செய்யும்" என்கிறாய்.

யார் சொன்னது?

உன்னிடம் உழைப்பு இல்லையா? இருக்கிறது. பொறுமை இல்லையா? அளவுக்கு மேலேயே இருக்கிறது! அந்தப் பொறுமையைத்தான் தப்பான இடத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறாய்.

"போகப் போகப் பழகிடும்" என்று சொல்லாதே. ஐந்து வருடமாகப் பழகாதது ஆறாவது வருடம் பழகுமா?

செருப்பு கடிக்கிறது என்று காலையா வெட்டுவாய்?

"எனக்குக் கண்ணே சரியில்லை" என்கிறாயா? இருக்கலாம். அதற்கும் வருகிறேன். முதலில் கண்ணைக் கூண்டில் ஏற்றாதே. திரையை விசாரி!

உன் லேப்டாப் 15.6 அங்குலமா? ஃபுல் எச்.டி.யா? குறுக்கே 1920 பிக்சல், நெடுக்கே 1080 பிக்சல். திரையின் அகலம் ஏறத்தாழ 34.5 செ.மீ. வகுத்துப் பார். ஒரு சென்டிமீட்டருக்குள் 55 பிக்சல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது!

அலுவலகத்தில் 24 அங்குல மானிட்டர் இருக்கிறதே, அதிலும் அதே 1920 × 1080தான். ஆனால் அதன் அகலம் ஏறத்தாழ 53 செ.மீ. அங்கே ஒரு சென்டிமீட்டருக்கு 36 பிக்சல்தான்.

இதனால் என்ன என்கிறாயா? 12 பாயின்ட் எழுத்துக்கு விண்டோஸ் தன் 100 சதவீத அளவில் 16 பிக்சல் உயரம் ஒதுக்குகிறது. மானிட்டரில் அந்த 16 பிக்சல் கிட்டத்தட்ட நாலரை மில்லிமீட்டர். லேப்டாப்பில்? மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை!

அதே எழுத்து. அதே ஆள். அதே கண். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம்!

இதில் உன் கண் செய்த குற்றம் என்ன?

தமிழில் தட்டச்சு செய்கிறாயா? உன் பாடு இன்னும் கடினம். ஆங்கிலத்தில் பாதி எழுத்துக்கு ஒரு கோடும் ஒரு வளைவும் போதும். நமக்கு? ணகரத்துக்கு மூன்று சுழி. னகரத்துக்கு இரண்டு சுழி. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி. பொடி எழுத்தில் அந்தப் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பிக்சல்!

டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்தும் பெண்ணைப் பார். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்திருக்கிறாள். 'மணம்' என்று இருக்கிறதா, 'மனம்' என்று இருக்கிறதா? சுழியை எண்ணுகிறாள். தெரிவது புள்ளியா, தூசியா? விரலால் தேய்த்துப் பார்க்கிறாள்.

ஆயிரம் பிரதி அச்சாகி வந்த பிறகு பிழை கண்ணில் பட்டால் திட்டு யாருக்கு? அவளுக்கு!

அவள் கவனமில்லாதவளா? இல்லவே இல்லை. அவளுடைய கவனத்துக்கு அந்தத் திரை ஈடுகொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

மாற்ற வேண்டியதுதானே? ஏன் மாற்றவில்லை?

பயம்!

"எதையாவது தொட்டு ஸ்கிரீன் கருப்பாகிவிட்டால்?" "ஆபீஸ் சிஸ்டம், கெட்டுப்போனால் என் தலையில் விடியும்." "கடைக்காரப் பையன் செட் பண்ணிக் கொடுத்தான், அப்படியே இருக்கட்டும்."

கடைக்காரப் பையனுக்கு உன் கண்ணாடியின் பவர் தெரியுமா? உன் மேசையின் ஆழம் தெரியுமா? அவன் பெட்டியைப் பிரித்தான், பிளக்கைச் சொருகினான், அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டான். அவன் விட்டுப்போன எண்ணையா நீ இத்தனை காலம் காப்பாற்றுகிறாய்?

கையை மவுஸில் வை. டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் வலது கிளிக் செய். டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் போ. ரெசல்யூஷன் பட்டியலைத் திற. கண்ணில் பட்ட ஏதாவது ஓர் எண்ணைத் தேர்ந்தெடு.

திரை ஒரு கணம் இருளும். நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும்!

பிறகு ஒரு சின்னப் பெட்டி எழும். இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். 15, 14, 13 என்று இறங்கும்.

ஒன்றும் செய்யாதே. கையைக் கட்டிக்கொண்டு உட்கார். 15 விநாடி முடிந்ததும் திரை தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும்!

படமே தெரியாமல் போனாலும் திரும்பும். அந்தப் பெட்டியே உன் கண்ணில் படாவிட்டாலும் திரும்பும். நீ தவறு செய்வாய் என்று தெரிந்தேதான் அதைக் கட்டியவர்கள் கட்டியிருக்கிறார்கள். தவறு செய்ய உனக்கு இடம் விட்டிருக்கிறார்கள்!

இத்தனை வருடம் நீ பயந்த தோல்வியின் ஆயுள் 15 விநாடி. இதற்கா இவ்வளவு நடுக்கம்?

"நானும் ஒரு தடவை முயன்றேன். எழுத்து பெரிதானது, ஆனால் மங்கிப்போனது. விட்டுவிட்டேன்."

ஆ! இந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தேன். முயன்றவனும் இங்கேதான் தடுக்கி விழுகிறான். விழுந்தது தப்பில்லை. ஏன் விழுந்தோம் என்று பார்க்காமல் திரும்பி வந்தாயே, அதுதான் தப்பு!

நீ என்ன செய்தாய்? எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனைக் குறைத்தாய். 1920 × 1080 இருந்த இடத்தில் 1366 × 768 வைத்தாய்.

அந்தக் காலத்து டப்பா மானிட்டர் அதற்கு இடம் கொடுத்தது. அதில் நிலையான பிக்சல் கட்டம் கிடையாது. இன்றைய எல்.சி.டி. அப்படி அல்ல. குறுக்கே 1920 என்றால் தொழிற்சாலையிலேயே 1920 கட்டம் பதித்தாயிற்று. 1366 பிக்சலை அந்த 1920 கட்டத்தில் பரப்பச் சொன்னால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 1.4 கட்டம் வரும். 0.4 கட்டம் என்று ஒன்று உண்டா? பக்கத்துக் கட்டத்தோடு நிறத்தைக் கலந்து ஒப்பேற்றும். எழுத்தின் ஓரம் கலங்கும்.

பயத்தைப் போக்கத்தான் ரெசல்யூஷனைத் தொடச் சொன்னேன். பயம் போயிற்றா? இனி அதைத் தொடாதே! 'ரெகமண்டட்' என்று பக்கத்தில் போட்டிருக்கும் எண்தான் அந்தத் திரையின் பிறவி எண். அதிலேயே நிறுத்து.

நீ மாற்ற வேண்டியது அதற்கு மேலே இருக்கிறது. 'ஸ்கேல்'! 100, 125, 150, 175 என்று சதவீதம் வரிசையாக நிற்கும்.

அதை ஏற்றினால் கட்டம் எதுவும் வீணாவதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் கூடுதல் பிக்சல் கிடைக்கிறது. 100இல் 16 பிக்சல் உயரம் வாங்கிய எழுத்து 150இல் 24 வாங்கும். மூன்று சுழியும் மூன்று சுழியாகத் தெரியும். பெரிதாகவும் இருக்கும், கூராகவும் இருக்கும்!

எவ்வளவு ஏற்றுவது? யாரையும் கேட்காதே. அள!

இன்ச் டேப்பை எடு. திரையில் ஒளிரும் பகுதியின் அகலத்தைச் சென்டிமீட்டரில் குறி. குறுக்குப் பிக்சல் எண்ணை அதனால் வகு. வந்த விடையை 38ஆல் வகு. ஏன் 38? அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற கணக்கில்தான் விண்டோஸின் 100 சதவீதம் பிறந்தது. சென்டிமீட்டருக்கு அது 38.

15.6 அங்குல ஃபுல் எச்.டி. லேப்டாப்புக்கு 1.45 வரும். 150 வை. 14 அங்குலத்துக்கு 1.6க்கு மேல் வரும். 150இல் தொடங்கு, போதாவிட்டால் 175. 24 அங்குல மானிட்டருக்கு ஒன்றை ஒட்டி வரும். 100லேயே விடு. பழைய 1366 × 768 லேப்டாப்பா? அதற்கும் 100 போதும். பிரௌசரில் மட்டும் கன்ட்ரோலையும் பிளஸ்ஸையும் சேர்த்து அழுத்திப் பெரிதாக்கிக்கொள்.

லேப்டாப்போடு மானிட்டரையும் மாட்டியிருக்கிறாயா? இரண்டுக்கும் தனித்தனி எண் வைக்கலாம். வை!

மேக் வைத்திருக்கிறாயா? டிஸ்ப்ளேஸ் பக்கத்தில் ஒரு முனையில் பெரிய எழுத்து, மறுமுனையில் அதிக இடம். பெரிய எழுத்தின் பக்கம் நகர்.

கணக்கு சொல்வது தொடக்கம்தான். தீர்ப்பு உன் கண்ணுடையது.

"பழைய அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் ஒன்று மட்டும் மங்கலாகிறதே?" ஆகும். ஸ்கேலிங் தெரியாத காலத்தில் எழுதியது அது. விண்டோஸ் அதைப் படமாகப் பிடித்து இழுத்துக் காட்டுகிறது. அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றிலும் கண்ணைப் பலி கொடுப்பாயா?

அதன் ஐகானில் வலது கிளிக். பிராப்பர்ட்டீஸ். கம்பாட்டிபிலிட்டி. அங்கே ஹை டி.பி.ஐ. செட்டிங்ஸ். முதல் தேர்வைப் போட்டுப் பார். சரிவரவில்லையா? இரண்டாவது. அதுவும் இல்லையா? மூன்றாவது! இருப்பதே மூன்றுதான். மூன்று முறை முயலக்கூட உனக்குத் தெம்பில்லையா?

"4கே வாங்க எனக்கு வசதி இல்லை" என்று அடுத்த சாக்கை எடுக்காதே!

யார் உன்னிடம் 4கே கேட்டார்கள்? 3840 × 2160, ஃபுல் எச்.டி.யைப் போலச் சரியாக நான்கு மடங்கு பிக்சல். எழுத்து அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 27 அங்குல 4கே மானிட்டரை வாங்கி 100இல் வைத்தவனின் கதி தெரியுமா? 12 பாயின்ட் எழுத்து இரண்டரை மில்லிமீட்டர்! அதைப் பழைய 1.4 எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் மாட்டினானோ, விநாடிக்கு 30 முறைதான் படம் மாறும். மவுஸ் விட்டு விட்டு நகரும். 60 வேண்டுமென்றால் 2.0 வேண்டும்.

காசு கொடுத்தவன் கண்ணைச் சுருக்குகிறான். இருக்கும் திரையை அளந்து வைத்தவன் நிமிர்ந்து உட்காருகிறான். நீ எந்தப் பக்கம்?

புதிதாக வாங்கத்தான் போகிறாயா? எழுத்து வேலைக்கு 24 அங்குலம் என்றால் ஃபுல் எச்.டி. போதும். 27 என்றால் 2560 × 1440 பார். 27இல் ஃபுல் எச்.டி. மலிவாகக் கிடைக்கும். கை நீளத் தூரத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் படிப்பவருக்கு அது வேண்டாம் என்பேன். சென்டிமீட்டருக்கு 32 பிக்சல்தான். எழுத்தின் ஓரம் பல் பல்லாகத் தெரியும்.

இன்னும் ஒரு சாக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. வெளியே சொல்ல மாட்டாய். நான் சொல்கிறேன்.

வெட்கம்!

"இவ்வளவு பெரிய எழுத்தா? தாத்தா ஆயிட்டீங்களா சார்?" என்று பக்கத்து சீட்டுப் பையன் கேட்டுவிடுவான் என்று கூசுகிறாய்.

கேட்கட்டும்! அவனுக்கு 24 வயது. நாற்பதைத் தொட்டால் கண்ணின் லென்ஸ் நெகிழ்வு குறையும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத் திணறும். வெள்ளெழுத்து யாரையும் விட்டுவைத்ததில்லை. அவனையும் விடாது. அவன் ஒரு நிமிடம் சிரிப்பான் என்று நீ எட்டு மணி நேரம் வலியைச் சுமப்பாயா?

உன் வேலையில் பிழை இல்லை என்பதை முதலாளி பார்ப்பார். உன் எழுத்து எத்தனை சதவீதம் என்று எந்த முதலாளி பார்த்தார்?

கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லையா? இப்போது கண்ணைப் பற்றிப் பேசலாம். படிக்கும் கண்ணாடியை ஏறத்தாழ 40 செ.மீ. தூரத்துக்குச் சோதித்துக் கொடுப்பார்கள். புத்தகத்தின் தூரம் அது. உன் மானிட்டரோ 60, 70 செ.மீ. தள்ளி இருக்கிறது. இரட்டைப் பவர் கண்ணாடி போட்டவர்கள் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கியே கழுத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அதே இன்ச் டேப்பை எடு. கண்ணிலிருந்து திரைக்கு எத்தனை சென்டிமீட்டர்? எழுதிக்கொள். கண் பரிசோதனைக்குப் போகும்போது "கம்ப்யூட்டர்ல வேலை" என்று மட்டும் முனகாதே. அந்த எண்ணைச் சொல்! திரையைச் சரிசெய்த பிறகும் தலைவலி விடவில்லையா? தள்ளிப்போடாதே. கண் மருத்துவரைப் பார். மருத்துவர் செய்ய வேண்டியதை எந்த செட்டிங்ஸும் செய்யாது.

நேரமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ தைலம் தேய்க்கும் நேரத்தில் இதை முடித்துவிடலாம்!

இன்றே ஏற்று. ஏற்றியதும் "ஐயோ, இவ்வளவு பெரிசா!" என்று இருக்கும். கை உடனே பழைய எண்ணைத் தேடும். தேட விடாதே! பொடி எழுத்துக்குப் பழகிய கண் போடும் கூச்சல் அது. ஒரு வாரம் கத்தட்டும்.

எக்செலில் நாலு கட்டம் குறைவாகத் தெரிகிறதா? அந்த ஷீட்டில் மட்டும் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டு, சுருங்கும். அதற்காக மொத்தத் திரையையும் சுருக்காதே.

வாரம் முடிந்த பிறகும் பெரிதாகவே தோன்றுகிறதா? சரி, ஒரு படி இறக்கு. 150இலிருந்து 125. ஒரே ஒரு படி! அதிலும் ஒரு முழு வாரம் வேலை செய்து பார்த்துவிட்டு, எந்த எண் உனக்கு என்று நீயே முடிவு செய்.