நோவில்லாத கால்

ஒருவருக்கு உதவி செய்யப் போகும்போது, அவருடைய உடலின் மீது நமக்கு எவ்வளவு உரிமை வந்து சேருகிறது? பயிற்சிக் கலாசாலைக் காலத்தில் இவ்வாறான வினாக்களுக்குப் பக்கம் பக்கமாக விடை எழுதியிருக்கிறேன். ஒரு வேன் பயணத்தில்தான் அதற்குரிய விடையை நான் அறிந்திருக்கவில்லை என்பது புரிந்தது.

எங்கள் ஊரில், மரத்தால் விழுந்து முள்ளந்தண்டு முறிந்து, பல வருடங்களாகச் சக்கர நாற்காலியில் வாழும் காக்கா ஒருவர் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வில்லை. கிளினிக்குக்குப் போவதென்றால் வாடகை வேன்தான். 2016இல் தொடங்கப்பட்ட 1990 இலவச அம்புலன்ஸ் சேவை அவசரத்துக்கு உரியது. கிளினிக் நாள் அவசரமல்லவே. அவசரமில்லாத பயணத்துக்கு அயலவரின் கைகள்தான் துணை.

அன்று அக்கைகளில் இரண்டு என்னுடையவை. நாற்காலியோடு அவரை ஏற்றி, அதன் பிரேக்கைப் போட்டுவிட்டுப் போதுமென்று இருந்துவிட்டோம். அந்த பிரேக் நிற்கும் தரைக்குரியது, ஓடும் வாகனத்துக்குரியதல்ல. நாற்காலியை நான்கு இடங்களில் வாகனத் தளத்தோடு பட்டியால் பிணைக்க வேண்டும், ஆளுக்கு வேறாக ஆசனப்பட்டி வேண்டும் என்பதெல்லாம் நான் பின்னர் அறிந்தவை. மாடொன்று குறுக்கிட்டது. சாரதி வேனைச் சட்டென்று நிறுத்த, காக்கா முன்னால் சரிந்து விழுந்தார். வலது கால் அடியில் மடங்கிக் கிடந்தது.

நான் பாய்ந்து கமுக்கட்டுக்குள் கையைக் கொடுத்துத் தூக்க முனைந்தேன்.

"பொறுங்க சேர்" என்றார்.

உள்ளூரக் கோபம் வந்தது. விழுந்தவரைத் தூக்கவும் அனுமதி கேட்க வேண்டுமா?

"தலை அடிபடல்ல. கழுத்து, முதுகு நோகல்ல. கை நல்லா வேல செய்யுது. இனிக் காலப் பாருங்க."

"கால் நோகல்லதானே காக்கா? ஏத்திக்கிட்டுப் போவம், நம்பர் போயிரும்" என்றார் சாரதித் தம்பி.

"அது எப்பவும் நோகாது தம்பி. அதுதான் பாக்கச் சொல்றன்."

அந்த ஒரு வார்த்தையில் எங்கள் இருவரின் தவறும் வெளிச்சமாயிற்று. நான் அவரை ஒரு மூட்டையாக நினைத்து, கேளாமலே தூக்கப் போனேன். தம்பியோ நோவில்லை என்பதைக் காயமில்லை என்று எடுத்துக்கொண்டார். நான் செய்தது அதிகாரம். தம்பி செய்தது மரியாதைபோலத் தோன்றும் அலட்சியம். நெடுங்காலம் ஊன்றாத காலின் எலும்பு நலிந்துபோகும்; சிறு விழுகையிலும் முறியும்; முறிந்தாலும் சத்தம் போடாது.

இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். வலது முழங்காலுக்குக் கீழே வீங்கத் தொடங்கியிருந்தது. நான் கண்டதைச் சொன்னேன். முடிவை அவர் சொன்னார். "நிமித்தாதீங்க. தலையணைய அண்டையில வைங்க. இப்ப 1990க்கு அடிங்க." எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தது.

நினைவு தப்பியவரிடம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று வாசகர் வினவலாம். முடியாது, அங்கே அவருக்காக நாமே முடிவெடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் பேசக்கூடியவரிடம் கேட்பதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைத்தான் நாம் பெரும்பாலும் கொடுப்பதில்லை. உதவி செய்கிறோம் என்ற எண்ணமே நம் காதை அடைத்துவிடுகிறது.

வலது குறைந்தோருக்குப் பேதம் காட்டலாகாதென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அச்சட்டம் அந்த வேனுக்குள் எங்களோடு ஏறவில்லை. அங்கே ஏறியிருந்தவர்கள் நாங்கள்தான்.

அவருடைய உடலுக்கு என் கண் தேவைப்பட்டது உண்மை. ஆனால் கண்ணைக் கொடுத்தவன் உடலுக்குச் சொந்தக்காரனாகிவிட மாட்டான். காண்பது நம் பங்கு. தீர்மானிப்பது அவர் பங்கு. என் முதல் வினாவுக்கு என்னிடமுள்ள விடை இவ்வளவே.

அம்புலன்ஸில் ஏற்றும்போது காக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சேர், நாற்காலிய மறந்துராதீங்க. என்ட கால் அதுதான்."

வேனில் அதைப் பின்னால் கொண்டு போனேன். இம்முறை கயிற்றால் இறுகக் கட்டியிருந்தேன்.