கட்டத்துக்குள் மறைந்த எழுத்து

பக்க வடிவமைப்பு மென்பொருளில் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் தெரிந்தால், அங்கே எழுத்து இருக்கிறதா, இல்லையா? உள்ளது அழியாது, தோன்றாமல் மறைந்திருக்கும் என்பது சைவ சித்தாந்தம் ஏற்கும் சற்காரிய வாதம். கட்டத்துக்கு அது பொருந்துகிறது: யூனிகோடு எண் உள்ளே பத்திரமாக இருக்கிறது, எழுத்துருவில் அதற்கு உருவம்தான் இல்லை. எழுத்துருவை மாற்றினால், மறைந்திருந்த 'ஶ' போன்ற எழுத்து வந்துவிடும். உருவம்தானே எழுத்து என்பவர்களுக்கு, 1978 சீர்திருத்தத்தில் யானைத் துதிக்கை போன்ற கொம்பை இழந்த 'லை'யே சான்று. உரு மாறியும் அது லைதான். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியின் நிலையோ வேறு. அதில் நாம் 'அ' என்று காண்பது கணினிக்கு ஆங்கிலச் சின்ன 'எம்'. தமிழ் வெறும் தோற்றம். அதை யூனிகோடாக்கும் எழுத்துரு மாற்றி மென்பொருள் அங்கே செய்வது உயிரூட்டல். ஆனால் தன் அட்டவணையில் இல்லாத எழுத்தை அது கேள்விக்குறியாக்கிச் சேமித்துவிட்டால் எந்த வாதமும் உதவாது. மூலக் கோப்பைத்தான் தேடிப் போக வேண்டும்.