கைவினைஞரின் கூலியும் வடிவமைப்பாளரின் கட்டணமும்

வடிவமைப்பாளருக்குப் பேசிய கட்டணம் தரப்படாதபோது நிறுத்திவைக்கப்படுவது உழைப்பின் கூலியா, விற்ற பொருளின் விலையா என்ற கேள்வியை யூதச் சமயச் சட்டம் மிகப் பழங்காலத்திலேயே எழுப்பியிருக்கிறது. கூலியாளின் ஊதியத்தை விடியும்வரை வைத்திருக்கலாகாது என லேவியராகமம் (19:13) விதிக்க, வேலையை மொத்தமாகப் பேசி எடுக்கும் 'கப்லான்' என்னும் ஒப்பந்தக் கைவினைஞருக்கும் அவ்விதி பொருந்துமா என்று, ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் ஆராய்கிறது. பொருந்தும் என்றார் அதில் பேசும் அறிஞர் ரவ் ஷேஷெத். மறுதரப்பின் தர்க்கமும் இலேசானதன்று: துணியை மேம்படுத்தியவர் அம்மேம்பாட்டுக்கே உடைமையாளர் எனில், வாடிக்கையாளர் தரவேண்டியது அதை வாங்கும் விலையே, ஆகவே அவர் கடனாளியாவாரே தவிர, கூலியை முடக்கியவராகமாட்டார். முடிந்த ஆடை கைவினைஞர் கையில் உள்ளவரை குற்றமில்லை, நண்பகலில் ஒப்படைத்தாலோ பொழுது சாய்ந்ததும் விதிமீறல் என்றும் அந்நூல் வரையறுக்கிறது.

மின்னஞ்சலில் செல்லும் வரைபடமோ கொடுத்தவரிடமும் பெற்றவரிடமும் ஒருசேர இருப்பதால், ஆடையைப் போல அதைப் பிடித்துவைத்துப் பணம் கேட்க வழியில்லை. ஒப்படைப்பையே எல்லையாகக் கொண்ட விதி இங்கே வடிவமைப்பாளருக்குக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. பணம் தராதிருக்க வாடிக்கையாளர் சொல்லும் 'பிடிக்கவில்லை' என்ற சாக்கு வேறு வகை. சிவப்புச் சாயம் கேட்டவருக்குக் கறுப்பு ஏற்றிய சாயக்காரரின் உரிமையை, தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பான மிஷ்னா குறைக்கிறது. கேட்ட சிவப்பையே ஏற்றிய பின் உரிமையாளரின் ரசனை மாறினால், அந்தக் குறைப்புக்கு அடிப்படையான பிறழ்வே அங்கில்லை.