நல்ல அண்ணன் தேவைப்படாத நாடு

ஆண் எழுத்தாளரிடம் “உங்கள் ஆதர்சம் யார்?” என்று கேட்கிறோம். பெண் எழுத்தாளரிடம் “வீட்டில் எப்படி எழுத விட்டார்கள்?” என்று கேட்கிறோம். முதல் கேள்விக்கான பதில் இலக்கிய வரலாற்றில் சேர்கிறது. இரண்டாவது கேள்விக்கான பதில் நன்றியுரையாகி விடுகிறது. பிறருடைய தயவால் எழுத வந்த ஒருத்தியைச் சுதந்திரமான எழுத்தாளர் என்று சொல்ல முடியுமா? ‘சுல்தானாவின் கனவு’ என்ற மிகுபுனைவை எழுதிய ரொக்கேயா சகாவத் ஹொசைனின் வாழ்க்கையை முன்வைத்து இதை யோசிக்கலாம்.

ரொக்கேயா 1880இல், இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர்ப் பகுதியில் பைராபந்த் என்ற ஊரில் ஜமீன்தார் குடும்பமொன்றில் பிறந்தார். கடுமையான கோஷா முறையைக் கடைப்பிடித்த வீடு அது. ஐந்து வயதிலேயே, வெளியிலிருந்து வரும் பெண்களின் கண்ணில்கூடப் படாமல் அவர் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. பெண்கள் வங்காளமோ ஆங்கிலமோ படிப்பதை வீடு விரும்பவில்லை. அப்பா தூங்கிய பிறகு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூத்த அண்ணன் இப்ராகிம் சாபர் தங்கைக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். வங்காளம் படிக்கத் துணைநின்றவர் அக்கா கரீமுன்னிஸா. திருமணத்துக்குப் பின், துணை மாஜிஸ்திரேட்டாக இருந்த கணவர் சையத் சகாவத் ஹொசைன் எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தினார்.

இந்த மூவருக்கும் தான் பட்ட கடனை ரொக்கேயா மறைக்கவில்லை. ‘மோதிச்சூர்’ இரண்டாம் பகுதியை அக்காவுக்கும் ‘பத்மராக்’ நாவலை அண்ணனுக்கும் காணிக்கையாக்கினார். தான் தொடங்கிய பள்ளிக்குக் கணவரின் பெயரைச் சூட்டினார்.

நன்றியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அக்காவின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கரீமுன்னிஸாவும் அதே வீட்டுப் பெண்தான். அவர் வங்காளப் புத்தகங்கள் படிப்பது உறவினர் வாயில் அடிபட்டதும் படிப்பு நின்றது. பதினைந்து வயது நிறைவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. அவரும் கவிதை எழுதியவர். தங்கை எழுதி வைத்திராவிட்டால் அவர் பெயர் நம்மிடம் வந்து சேர்ந்திருக்குமா?

அக்காவுக்கும் தங்கைக்கும் ஆர்வத்தில் வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. வாய்த்த சூழலில்தான் வேறுபாடு. ஒருவருடைய நல்ல மனத்தால் கிடைப்பது எவ்வளவு பெரிதானாலும் அது கொடைதான். கொடுப்பவர் மனம் மாறினால், ஊர் வாய் பெரிதானால், அது நின்றுபோகும். உரிமைக்கு அந்த அச்சம் இல்லை.

‘சுல்தானாவின் கனவு’ கதையை இந்த இடத்திலிருந்து படித்தால் வேறொன்று தெரிகிறது. கணவர் வெளியூர் போயிருந்த நேரத்தில், பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் எழுதிய கதை அது. திரும்பி வந்தவர் நின்றபடியே படித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். 1905இல், கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ அதை வெளியிட்டது.

அந்தக் கனவு நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் வெளியே நடமாடுகிறார்கள். கதையைக் கேட்ட பலருக்கும் நினைவில் நிற்பது இந்தத் தலைகீழ் மாற்றம்தான். “இது நியாயமா?” என்று மாணவிகள் கேட்பார்கள். நியாயமில்லைதான். ஆனால் ஆண்களை உள்ளே வைத்ததும் சட்டென்று கண்ணில் படும் அநியாயம், பெண்கள் உள்ளே இருந்தவரை ஏன் படவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு முன்னால் கதையில் நடப்பது என்ன? எல்லாப் பெண்களும் படிக்க வேண்டும் என்று அரசி ஆணையிடுகிறாள். அரசுச் செலவில் பெண்களுக்குப் பள்ளிகள் வருகின்றன. 21 வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் கூடாது என்று சட்டம் வருகிறது. பெண்களுக்கென்றே பல்கலைக்கழகங்கள் எழுகின்றன. ஒன்றில் மேகத்திலிருந்து நீர் எடுக்கவும், மற்றொன்றில் வெயிலைச் சேமிக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். பறக்கும் வண்டியும் சூரிய அடுப்பும் உள்ள அந்த நாட்டில் மெழுகுவர்த்தியோடு காத்திருக்கும் அண்ணன் இல்லை. அவன் தேவைப்படவும் இல்லை. படிப்பதற்கு எந்த அப்பாவும் தூங்க வேண்டியதில்லை. அண்ணனுக்கு இவ்வளவு கடன்பட்ட ஒருவர், நல்ல அண்ணன் வாய்க்காத பெண்ணும் படிக்கக்கூடிய நாட்டைக் கற்பனை செய்திருக்கிறார். கரீமுன்னிஸாவும் அங்கே படித்திருப்பார்.

1909இல் கணவர் இறந்த பிறகு, அவர் ஒதுக்கி வைத்திருந்த பணத்தைக் கொண்டு பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு ரொக்கேயா பள்ளி தொடங்கினார். குடும்பச் சொத்துத் தகராறில் ஊரைவிட்டு வர நேர்ந்தது. 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு மறுபடியும் தொடங்கினார். 1932இல் இறக்கும்வரை அந்தப் பள்ளிதான் அவருடைய வாழ்க்கை. வாங்கிய கடனைக் கொடுத்தவர்களிடமே திருப்பிச் செலுத்தாமல், அடுத்து வரும் பெண்களிடம் செலுத்தினார்.

கடன்படாத எழுத்தாளர் என்று யாரும் இல்லை, ஆண்களிலும் இல்லை. எனவே கடன் இருப்பதாலேயே ஒருத்தியின் சுதந்திரம் குறைந்துவிடாது. நன்றி சொல்லிவிட்டோம் என்பதற்காகக் கேள்வியை விழுங்கும்போதுதான் குறைகிறது. எழுத விட்ட அண்ணனுக்கு, அப்பாவுக்கு, கணவருக்கு நாம் தாராளமாக நன்றி சொல்லலாம். அவர்களுடைய அனுமதி தேவைப்பட்ட அமைப்புக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. கல்கத்தாப் பள்ளிக்கு வந்த அந்த எட்டுச் சிறுமிகள் பகல் வெளிச்சத்தில் படித்தார்கள்.